தெற்கே விழுந்த நிழல்

இந்த அறிவியல் மையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் ஏழு பேரும் என்னிடம் கேட்டது, இந்த வேலையில் எது கஷ்டம் என்று. லென்ஸில் பூஞ்சை பிடிப்பதா, தொலைநோக்கியை வேனில் ஏற்றி இறக்குவதா, நேரம் பார்த்து வந்து நிற்கும் மேகமா என்று நீங்களே பட்டியலும் போட்டீர்கள். அதையெல்லாம் ஆறு மாதத்தில் பழகிவிடுவீர்கள். கஷ்டமான சாமான் அதோ அந்த மேஜையில் இருக்கிறது. டெலிபோன்.

சிரிக்காதீர்கள். முப்பத்தொரு வருடம் தஞ்சாவூரை மையமாக வைத்து டெல்டா முழுக்க வானத்தைக் காட்டிக்கொண்டு திரிந்தவள் சொல்கிறேன். வானத்தைப் பற்றி யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் போன் இங்கேதான் வரும். செவ்வாய் கிரகம் நிலா அளவுக்குத் தெரியப்போகிறதாமே? தெரியாது. கிரகணத்தின்போது உலக்கை தானாக நிற்குமாமே? மற்ற நாளிலும் நிற்கும், நிறுத்திப் பாருங்கள். சூரியனுக்குள்ளிருந்து மந்திரச் சத்தம் வருகிறதாமே? வரவில்லை, வைத்துவிடுங்கள். இப்படி ஒரே வரியில் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அது கைவந்த கலையாகிவிட்டது. மேடத்திடம் கேட்டால் அரை நிமிஷம் என்று கூட வேலை பார்த்தவர்கள் மெச்சுவார்கள். எனக்கும் அதில் ஏகப்பட்ட பெருமை. அந்த அரை நிமிஷப் பெருமை ஒரு பெண்ணை எட்டு நாள் சிறையில் வைத்தது.

ஓய்வு பெறுவதற்கு எட்டு மாதம் இருந்தது. ஆனி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. திருவையாற்றில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி. ஷாமியானா போட்டு, நாற்காலி போட்டு, பெரிய அதிகாரி ஒருவருக்காகக் காத்திருக்கிறோம். கார் தெருமுனைக்கு வந்துவிட்டது என்று யாரோ ஓடிவந்து சொல்கிறார்கள். என் கையில் மைக் கொடுத்தாயிற்று. அந்த நேரம் பார்த்து செல்போன் அடித்தது.

“மேடம், நான் எஸ்.ஐ. பேசுறேன். சயின்ஸ் சென்டர்ல உங்க நம்பர் குடுத்தாங்க. ஒரு சின்ன டவுட்டு. மத்தியானம் பன்னெண்டு மணிக்கு ஆள் நிழல் எந்தப் பக்கம் விழும்?”

“வடக்கால.”

“தெக்கால விழ வாய்ப்பு இருக்குங்களா?”

“நம்ம ஊர்ல ஏது சார்? சூரியன் தெக்கு வானத்துல போகுது, நிழல் வடக்கதான் விழும்.”

“நிச்சயமா சொல்லலாங்களா?”

“தாராளமா சொல்லலாம்.”

“ரொம்ப தேங்க்ஸ் மேடம். பெரிய உதவி.”

பெரிய உதவி என்றதும் உள்ளுக்குள் குளிர்ந்தது. போலீஸ்காரர் எதற்காக நிழலைப் பற்றிக் கேட்கிறார் என்று நான் கேட்கவில்லை. எந்த மாதத்து நிழல் என்று கேட்கவில்லை. போனைப் பைக்குள் போட்டுவிட்டு மேடை ஏறினேன்.

அன்றைக்கு நான் பேசியது எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? நிழலைப் பற்றித்தான். எகிப்தில் அலெக்சாந்திரியா நூலகத்தின் தலைவராக இருந்தவர் ஒரு குச்சியின் நிழலை வைத்துப் பூமியை அளந்த கதை. தெற்கே தூரத்தில் ஓர் ஊர்; வருடத்தின் மிக நீண்ட பகல் அன்று உச்சி வேளையில் அங்கே கிணற்றின் அடித்தண்ணீரில் சூரியன் தெரியும், நிழலே விழாது. அதே நாள், அதே வேளையில் அலெக்சாந்திரியாவில் நிழல் விழுகிறது. அந்தச் சாய்வு ஒரு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆகவே இரண்டு ஊருக்கும் உள்ள தூரத்தைப் போல ஐம்பது மடங்கு பூமியின் சுற்றளவு. ‘எந்த ஊர், எந்த நாள் என்று கேட்டதால்தான் அவரால் உலகத்தையே அளக்க முடிந்தது’ என்று நான் குரலை உயர்த்திச் சொன்னேன். கைதட்டினார்கள். கால் மணி நேரத்துக்கு முன்னால் எந்த நாள் என்று கேட்காமல் பதில் சொன்ன வாய் அது.

வியாழக்கிழமை காலை மையத்து மேஜையில் செய்தித்தாள் கிடந்தது. டீ குடித்துக்கொண்டே புரட்டினேன். உள்பக்கத்தில் ஒரு தலைப்பு: ‘நிழல் காட்டிக் கொடுத்தது! பாசன ஊழியரைத் தாக்கிய இளம்பெண் கைது’. படித்தேன். இரண்டாவது பத்தியில் ‘வானியல் நிபுணர் ஒருவரிடம் ஆலோசித்ததில், நண்பகலில் நிழல் தெற்கே விழ வாய்ப்பே இல்லை என உறுதியானது’ என்று இருந்தது. அந்த நிபுணர் நான்தான்.

விஷயம் இதுதான். நீடாமங்கலத்துக்குத் தெற்கே ஒரு கிராமம். வாய்க்காலில் தண்ணீர் வந்து, குறுவைக்கு நாற்று விட்டிருக்கும் நேரம். போன சனிக்கிழமை உச்சி வேளையில் யாரோ மதகின் ஷட்டர் பூட்டை உடைத்திருக்கிறார்கள். தடுக்கப்போன லஸ்கர், அதாவது மதகைத் திறந்து மூடும் பாசன ஊழியர், பின்மண்டையில் அடிபட்டு வாய்க்காலில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். முதல் நாள்தான் தண்ணீர் முறை விஷயமாக அவரோடு வாய்ச்சண்டை போட்டவள் சுகன்யா. இருபத்து நான்கு வயது. தாத்தா காலம் வரை அடுத்தவர் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போன குடும்பம். அப்பா குத்தகைக்கு நிலம் பிடித்தார். இவள் தேர்வு எழுதித் தாலுகா அலுவலக வேலைக்குத் தேர்வாகி, பணி ஆணையும் கையில் வந்துவிட்டது. அந்த வீட்டில் அதுதான் முதல் அரசாங்க வேலை. வரும் திங்கட்கிழமைக்குள் சேர வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் தான் திருவிடைமருதூர் கோவிலில் இருந்ததாகச் சுகன்யா சொன்னாள். வேலை கிடைத்ததற்கு அர்ச்சனை செய்யப் போயிருக்கிறாள். கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டாள். ஊர் திரும்பும்போது போன் பஸ் படியில் விழுந்து நொறுங்கிவிட்டது. நல்லவேளையாக, அதற்கு முன்பே படத்தை அண்ணனுக்கு அனுப்பியிருந்தாள். அங்கேதான் சிக்கல். அண்ணன் பிரபு பிளக்ஸ் பேனர் டிசைன் செய்கிறவன். இறந்துபோன அப்பத்தாவைக் கல்யாணப் பேனரில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கவைப்பது அவனுக்குப் பத்து நிமிஷ வேலை. படத்தில் பின்னாலிருந்த சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்று, வெள்ளிக்கிழமை செத்துப்போனவருக்கு ஒட்டியது, தெளிவாகத் தெரிந்தது. ஆகவே இடம் நிஜம், நாளும் நிஜம். பெண்ணை மட்டும் வெட்டி ஒட்டியிருந்தால்? அவள் காலடியில் நிழல் ஒரு முழத்துக்குத் தெற்கே விழுந்திருந்தது. ஸ்டேஷனில் யாரோ, உச்சி நேரத்து நிழல் வடக்கேதானே விழும் என்று கிளப்ப, எஸ்.ஐ. எனக்குப் போன் செய்தார்.

பேப்பரை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஏதோ நெருடியது. என்ன என்று பிடிபடவில்லை. உச்சி வேளை வந்ததும் எழுந்து முற்றத்துக்குப் போய் வெயிலில் நின்றேன். குனிந்து பார்த்தேன்.

என் நிழல் தெற்கே விழுந்திருந்தது.

முற்றத்துக் குழாய்க் கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் இது எனக்குத் தெரியாத விஷயமே இல்லை. சித்திரை முதல் வாரத்தில் ஒரு நாள் நம் தஞ்சாவூரில் உச்சி வேளையில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும். நிழல் காலுக்குள் போய்விடும். அதற்குப் பிறகு சூரியன் நம்மைத் தாண்டி வடக்கே போகிறது. ஆவணியில் திரும்பி வரும்வரை நான்கு மாதம், உச்சி நிழல் தெற்கே விழும். நிழலில்லா நாளை வருடா வருடம் கொண்டாடி, அதிகாரிகளுக்கு மோர் கொடுத்து விளக்குகிறவளே நான்தான். தெரியாமல் சொல்லியிருந்தால்கூட என்னை மன்னித்திருப்பேன். கல்லூரியில் படித்த வெளிநாட்டுப் புத்தகத்து வரி, ‘நண்பகல் நிழல் வடக்கு நோக்கும்’ என்பது, கேள்வி காதில் விழுந்ததும் நாக்கில் வந்து நின்றது. அந்தப் புத்தகத்தை எழுதியவர்கள் ஊரில் அது பன்னிரண்டு மாதமும் உண்மை.

இதில் இன்னொரு கொடுமை கேளுங்கள். இரண்டாயிரத்துச் சொச்சம் வருடத்துக்கு முன்னால், மௌரிய அரசவையில் தங்கியிருந்த கிரேக்கத் தூதர் ஒருவர், இந்தியாவின் தென்பகுதியில் நிழல் இரண்டு பக்கமும் மாறி மாறி விழும் என்று எழுதிவைத்தார். அவருக்குப் பின்னால் வந்த தூதர், இந்தியாவில் அப்படி எங்குமே கிடையாது என்று அடித்துப் பேசினார். தீர்ப்புச் சொன்னவர் பூமியை அளந்த அதே நூலகர். முதல் தூதர் சொன்னது சரி, மறுத்தவருக்கு விஷயம் தெரியவில்லை என்று முடித்தார். நம்மைப் போன்ற மக்களுக்கு அவர்கள் ‘இருபுற நிழல் கொண்டோர்’ என்று பெயரே வைத்திருந்தார்கள். கடல் தாண்டி, நம் ஊரைக் கண்ணால் பார்க்காத மனிதருக்குப் புரிந்தது. நான் காவிரிக் கரையில், ஆனி மாதத்து மத்தியானத்தில் நின்றுகொண்டு, அந்த இரண்டாவது தூதர் கட்சியில் போய்ச் சேர்ந்திருக்கிறேன்.

இயக்குநர் அறைக்குப் போய்ச் சொன்னேன். கெட்டவர் இல்லை. என் மேல் அக்கறையோடுதான் பேசினார்.

“எழுத்துல ஏதாவது குடுத்தீங்களா?”

“இல்ல சார். போன்லதான் சொன்னேன்.”

“அப்ப விடுங்க. வாய்ப் பேச்சுக்கு என்ன ஆதாரம் இருக்கு? அந்தப் பொண்ணுக்கு வக்கீல் இருப்பாரு, அவரு பாத்துப்பாரு. எட்டு மாசத்துல ரிட்டயர் ஆகப்போறீங்க. இப்ப போயி நான் தப்பா சொல்லிட்டேன்னு எழுதிக் குடுத்தா, பேப்பர்ல உங்க பேரு மட்டுமா வரும்? சென்டர் பேரும் வரும்.”

இந்த மாதிரி நேரம் உங்களுக்கும் வரும். வெளியே வந்து வராந்தாவில் ஐந்து நிமிஷம் நின்றேன். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. அவர் சொல்கிறபடி விட்டுவிட்டால் என்ன என்றுகூடத் தோன்றியது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். பிறகு திங்கட்கிழமைக்கு எத்தனை நாள் என்று விரலை மடக்கினேன். நாலே நாள். அதில் சனி, ஞாயிறு வேறு. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

எஸ்.ஐ. முப்பது வயதுக்காரர். நான் சொன்னதைக் கேட்டதும் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

“என்னங்க மேடம் சொல்றீங்க? நிச்சயமா சொல்லலாமான்னு உங்ககிட்ட ரெண்டாவது தடவயும் கேட்டேன்ல?”

“கேட்டீங்க. நான்தான் தப்பா சொல்லிட்டேன்.”

“நீங்க சொன்னத வச்சு ரிமாண்ட் பண்ணிட்டோம். இப்ப நீங்களே வந்து மாத்துனா, நாளைக்கி இன்னொருத்தர் வந்து திருப்பி மாத்துவாரு. நான் எத நம்புறது?”

“என்னை நம்ப வேணாம் சார். நாளைக்கி உச்சி நேரத்துல அந்தக் கோவில் வாசலுக்கு வாங்க. வெயில்ல நின்னு பாக்கலாம்.”

பேனாவை எடுத்துச் சட்டைப்பையில் செருகினார். வருகிறேன் என்றார். அந்தச் சின்ன வயதில் அப்படிச் சொல்ல மனசு வேண்டும்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கே திருவிடைமருதூர் போய்விட்டேன். பிரபு படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எடுத்து வந்திருந்தான். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் யாரென்று அவனுக்குத் தெரிந்திருந்தது. எஸ்.ஐ. சாதாரணச் சட்டையில், இரண்டு போலீஸ்காரர்களோடு வந்தார். படத்தில் சுகன்யா நின்ற கல்லைக் கண்டுபிடித்து, அதில் நான் நின்றேன். நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தில் பன்னிரண்டேகாலுக்கு. பன்னிரண்டு ஐந்துக்கு மேகம் மூடியது.

எத்தனையோ முறை மேகத்துக்குப் பொறுமையாகக் காத்திருக்கிறேன். பிள்ளைகளிடம் ஜோக்கடித்துச் சமாளித்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. பன்னிரண்டு பத்து. தெருவே சாம்பல் நிறமாக இருந்தது. நிழல் என்று ஒன்றுமே இல்லை. எஸ்.ஐ. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உள்ளே உச்சிக்கால மணி அடித்து ஓய்ந்தது. பன்னிரண்டு பதினாறுக்கு வெயில் சுளீரென்று விழுந்தது.

அவர் குனிந்து என் காலடியைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி காலடியைப் பார்த்தார். அதே பக்கம், அதே ஒரு முழம். காலை ஒன்பது மணிக்கு எடுத்த படமாக இருந்தால் நிழல் மேற்கே ஆள் உயரத்துக்குக் கிடந்திருக்கும் என்று விளக்க வாயைத் திறந்தேன். அதற்குள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“ஆனி மாசத்துல நெழலு தெக்காலதான் விழும். இதப் பாக்கவா இத்தன பேரு வந்தீங்க?”

சுவரோரம் பூக்கூடை வைத்திருந்த ராஜாத்தி அம்மாள். தலை நிமிராமல் பூக் கட்டிக்கொண்டே சொன்னார். எஸ்.ஐ. அவர் பக்கம் திரும்பினார்.

“உங்களுக்கு எப்பிடிம்மா தெரியும்?”

“தெரியாம எப்பிடிப் பொழைக்கிறது? சித்திரை பொறந்தா செவுத்துக்கு இந்தப் பக்கம் கட போடுவேன். ஆவணி வந்தா அந்தப் பக்கம் மாத்திருவேன். இல்லாட்டி பூவு வாடிப்போவும்ல. இந்தத் தெருவுல எல்லாரும் அப்பிடித்தான்.”

பிரபு படத்தை அவரிடம் நீட்டினான். “இந்தப் பொண்ண பாத்துருக்கீங்களா, அத்தை?”

“பாக்குறதா? போட்டோ புடிச்சதே நான்தான். போன கைல குடுத்து, இத அமுக்குங்கன்னு சொல்லுச்சு. மொழம் பூவும் வாங்குச்சு. அன்னிக்கி ஒரு போலீசு தம்பி வந்து கேட்டாரே, சொன்னேனே.”

எஸ்.ஐ. உடன் வந்திருந்த போலீஸ்காரரைப் பார்த்தார். அவர் மெதுவாக நோட்டைப் பிரித்தார். “கேட்டேன் சார். எத்தன மணின்னு கேட்டதுக்கு மணியெல்லாம் தெரியாதுன்னாங்க. நேரம் தெரியாதுன்னு எழுதிருக்கேன்.”

“மணிதான் தெரியாதுன்னேன்,” என்றார் ராஜாத்தி அம்மாள். “செவுத்து நெழலு சுருங்கி, என் காலு ரெண்டும் வெயில்ல கெடந்துச்சுன்னும் சொன்னேன். அதுக்கு மேல அது சுருங்காது. உச்சிக்குத்தான் அப்பிடி. அத அவரு எழுதிக்கல.”

எனக்குச் செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. கேட்காமல் விட்ட தப்பு என்னுடையது. கேட்டும் எழுதாமல் விட்ட தப்பு அந்த நோட்டுடையது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண் திருச்சியில் சிறையில் உட்கார்ந்திருந்தாள்.

அன்று மாலையே என் தவற்றை நான்கு பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ராஜாத்தி அம்மாளின் வாக்குமூலத்தை எஸ்.ஐ. தானே உட்கார்ந்து, ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார். ஆனால் திங்கட்கிழமை கோர்ட்டில் வழக்கைப் புதன்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள். புதன்கிழமை அவளை விட்டார்கள். வேலையில் சேரக் கடைசி நாள் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. லஸ்கர் பிழைத்துக்கொண்டார், பின்னாலிருந்து விழுந்த அடி என்பதால் அடித்தது யாரென்று அவருக்கும் தெரியவில்லை. சுகன்யா மனு மேல் மனுவாகப் போட்டு, பதினோரு மாதம் கழித்து, சீனியாரிட்டி இழந்து, வேறு மாவட்டத்தில் வேலையில் சேர்ந்தாள். என் பெயர் பேப்பரில் வந்தது. இயக்குநர் சொன்னபடி மையத்தின் பெயரும் வந்தது. அதனால் ஒன்றும் குடி முழுகிப்போய்விடவில்லை.

போனில் கேள்வி வந்தால் எந்த ஊர், எந்த நாள், எதற்காக என்று மூன்றையும் கேட்காமல் வாய் திறக்காதீர்கள். எதிரே ஆளுநரே நின்றாலும் நிற்கட்டும். இதைச் சொல்லத்தான் இத்தனை நேரம் உங்களைப் பிடித்து வைத்தேன். ஆனாலும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதை என் வீட்டில்கூடச் சொன்னதில்லை.

அவள் வெளியே வந்த மறுநாள் நான் அவள் வீட்டுக்குப் போனேன். திட்டுவாள், திட்டட்டும் என்று மனதைத் தயார் செய்துகொண்டு போனேன். அவள் அம்மா நாற்காலி எடுத்துப் போட்டார். சுகன்யா எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள். குரலில் கோபமே இல்லை.

“மேடம், உங்களுக்கு என்னை ஞாபகம் இருக்காது. நான் ஏழாவது படிக்கிறப்ப எங்க ஸ்கூலுக்கு வேன்ல வந்தீங்க. கிரவுண்டுல என்னையதான் கூப்புட்டு வெயில்ல நிக்க வச்சீங்க. பாருங்க, நம்ம ஊருக்கு மட்டும் நிழல் ரெண்டு பக்கமும் விழும், இது பெரிய பெரிய நாட்டுக்காரங்களுக்கே கெடைக்காத அதிசயம்னு சொன்னீங்க. ஸ்டேஷன்ல நான் அதத்தான் சொன்னேன். ஆனி மாசம் நிழல் தெக்கதான் சார் விழும்னு. அவரு கேட்டுட்டு, இரும்மா, பெரியவங்ககிட்டயே கேட்டுருவோம்னு, என் முன்னாடியே ஸ்பீக்கர்ல போட்டாரு.”

நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“குரல கேட்டதும் நீங்கதான்னு தெரிஞ்சுச்சு மேடம். அப்பாடான்னு இருந்துச்சு. நீங்க தெக்க விழாதுன்னு சொன்னதும், நான்தான் அன்னிக்கி தப்பா படிச்சிட்டேன் போலன்னு நெனச்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் அவங்ககிட்ட நான் எதுவுமே சொல்லல.”